4% வைத்திருப்பவர் கம்பெனியை நடத்துகிறார், 18% வைத்திருப்பவர் வெளியே நிற்கிறார்: எப்படி?

வந்த கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். "ஜீ என்டர்டெயின்மென்ட் தொலைக்காட்சி கம்பெனியில் புரமோட்டர் குடும்பத்திடம், அதாவது அதைத் தொடங்கிய குடும்பத்திடம், இருப்பது ஏறத்தாழ 4% பங்கு. 2021-இல் கிட்டத்தட்ட 18% வைத்திருந்த இன்வெஸ்கோ என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தால் அவர்களை அசைக்க முடியவில்லை. பங்கு அதிகம் வைத்திருப்பவர்தானே முதலாளி? அப்படியிருக்க இது எப்படி நடந்தது? என் போன்ற 300 பங்குக்காரர் ஓட்டுப் போட்டு என்ன ஆகப் போகிறது?"

பங்கு அதிகம் உள்ளவர் முதலாளி என்பது ஒருவர் கையில் 51% இருக்கும்வரை உண்மை. யாரிடமும் அவ்வளவு இல்லை என்றால் கணக்கே மாறிவிடும். அப்போது ஏற்கனவே போர்டில், அதாவது இயக்குநர் குழுவில், உட்கார்ந்திருப்பவருக்குத்தான் பலம் அதிகம். கூட்டத்துக்கு நோட்டீஸ் அனுப்புவது அவர், தேதி குறிப்பது அவர், எந்தத் தீர்மானம் எந்த வார்த்தையில் வரும் என்று முடிவு செய்வதும் அவர். வழக்கு என்று போனால் வக்கீல் செலவு கம்பெனிக் கணக்கில், அதாவது உங்கள் பணத்தில். எதிர்த்து நிற்பவர் எல்லாவற்றையும் தன் பையிலிருந்து செய்ய வேண்டும். அதனால் இந்தச் சண்டைகளைப் பார்க்கும்போது பங்கு விகிதத்தோடு காலண்டரையும் சேர்த்துப் பாருங்கள். ஜீ கதை முழுக்கக் காலண்டர் கதை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம், அது சுருக்கமானது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 100-வது பிரிவின்படி, வாக்குரிமையுள்ள மூலதனத்தில் பத்தில் ஒரு பங்காவது வைத்திருப்பவர்கள் அவசரப் பொதுக்கூட்டம், அதாவது ஈ.ஜி.எம்., கூட்டச் சொல்லி போர்டுக்குக் கடிதம் கொடுக்கலாம். கடிதம் கிடைத்த 21 நாளுக்குள் போர்டு அதற்கான நடவடிக்கையைத் தொடங்க வேண்டும். கூட்டம் 45 நாளுக்குள் நடக்க வேண்டும். போர்டு செய்யாவிட்டால், கடிதம் கொடுத்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் பங்குதாரர்களே கூட்டத்தைக் கூட்டிக்கொள்ளலாம். 169-வது பிரிவு, ஒரு இயக்குநரைப் பதவிக்காலம் முடியும் முன்பே சாதாரணத் தீர்மானத்தின் மூலம் நீக்கும் உரிமையைப் பங்குதாரர்களுக்குத் தருகிறது. இரண்டாவது தவணையில் இருக்கும் தனி இயக்குநரை (புரமோட்டரோடு தொடர்பில்லாத இயக்குநரை) நீக்க மட்டும் சிறப்புத் தீர்மானம், அதாவது பதிவான ஓட்டில் 75% ஆதரவு, வேண்டும். நீக்கப்படுபவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

சாதாரணத் தீர்மானம் என்றால் ஆதரவு ஓட்டு எதிர்ப்பு ஓட்டைவிட ஒன்றாவது கூடுதலாக இருக்க வேண்டும். இங்கே பலரும் தவறவிடும் விஷயம், கணக்கு பதிவான ஓட்டில்தான். கம்பெனியின் மொத்தப் பங்கில் பாதி தேவையில்லை. 60% பங்குகள்தான் ஓட்டுப் போட்டன என்றால், 30%-க்குச் சற்று மேல் வைத்திருப்பவரே ஜெயித்துவிடுவார். போடாத ஓட்டு நடுநிலை இல்லை, எந்தப் பக்கம் ஒழுங்காகத் திரண்டு வந்ததோ அந்தப் பக்கத்தின் பலமாக அது மாறிவிடுகிறது.

இனி ஜீ. சுபாஷ் சந்திரா 1992-இல் தொடங்கிய தொலைக்காட்சி. நீண்ட காலம் குடும்பத்திடம் சுமார் 40% பங்கு இருந்தது. அவருடைய எஸ்ஸெல் குழுமத்தின் உள்கட்டமைப்புத் தொழில்கள் கடனில் மாட்டின. ஜீ பங்குகளை அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்தார்கள். 2019 ஜனவரியில் பங்கு விலை ஒரே நாளில் பெரிதாகச் சரிந்தபோது அந்தக் கட்டிடம் ஆட்டம் கண்டது. கடன் கொடுத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டு சந்திரா வெளிப்படையாகவே கடிதம் எழுதினார். அந்த ஆண்டு இன்வெஸ்கோ 11% வரையிலான பங்கை 4,224 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்புக்கொண்டது. குடும்பத்தின் பங்கு படிப்படியாக 4%-க்கு இறங்கியது. ஆனால் சந்திராவின் மகன் புனித் கோயங்கா நிர்வாக இயக்குநராகத் தொடர்ந்தார். பங்கு போனது, நாற்காலி போகவில்லை.

2021 செப்டம்பர் 11 அன்று இன்வெஸ்கோ தரப்பு ஃபண்டுகள் இரண்டு, 17.88% பங்கின் பலத்தில் ஈ.ஜி.எம். கேட்டுக் கடிதம் கொடுத்தன. கோயங்கா, மனீஷ் சோக்கானி, அசோக் குரியன் ஆகிய மூவரையும் நீக்க வேண்டும், தாங்கள் சொல்லும் ஆறு பேரைத் தனி இயக்குநர்களாக நியமிக்க வேண்டும் என்பது கோரிக்கை. அதற்கு மூன்று நாள் கழித்து ஆண்டுப் பொதுக்கூட்டம். கூட்டத்துக்கு முந்தைய நாள் சோக்கானியும் குரியனும் ராஜினாமா செய்துவிட்டார்கள். 14-ஆம் தேதி பங்கு விலை சுமார் 40% ஏறியது. நிர்வாகம் மாறலாம் என்ற செய்திக்கே சந்தை அவ்வளவு விலை கொடுத்தது என்றால், பழைய நிர்வாகத்தைப் பற்றி அது என்ன நினைத்தது என்று நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

போர்டின் பதில் அடி செப்டம்பர் 22-இல் வந்தது. சோனியின் இந்திய கம்பெனியுடன் ஜீ இணையப் போவதாக அறிவிப்பு. இணைந்த கம்பெனியில் சோனி தரப்புக்கு 52.93%, ஜீ பங்குதாரர்களுக்கு 47.07%. அதை ஐந்து ஆண்டு நடத்தப் போகும் நிர்வாக இயக்குநர் யார்? புனித் கோயங்காதான். நான் இதில் கவனிக்கச் சொல்வது, போர்டு கேள்வியையே மாற்றிவிட்டது என்பதை. "கோயங்கா வேண்டுமா வேண்டாமா" என்று கேட்கப் போன பங்குதாரர் முன், "சோனி டீல் வேண்டுமா வேண்டாமா" என்ற கேள்வி வந்து நின்றது. கோயங்காவைப் பிடிக்காதவருக்கும் சோனியைப் பிடிக்கும்.

ஈ.ஜி.எம். நடத்த முடியாது, கோரிக்கையே செல்லாது என்று அக்டோபர் 1-இல் போர்டு சொன்னது. அதற்கு முன்பே இன்வெஸ்கோ மும்பையில் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போயிருந்தது. ஜீ மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதற்கிடையில், அந்த ஆண்டின் தொடக்கத்தில் ரிலையன்ஸுடன் ஜீயை இணைக்க இன்வெஸ்கோவே பேச்சு நடத்த உதவியது என்ற விவரம் வெளியே வந்தது. ரிலையன்ஸ் கொடுத்த விளக்கத்தில், நிறுவனர் குடும்பம் வாரன்ட் (குறித்த விலையில் பின்னால் பங்கு வாங்கும் உரிமை) மூலம் தன் பங்கைக் கூட்டிக்கொள்ள விரும்பியதில் இன்வெஸ்கோவுக்கும் குடும்பத்துக்கும் வேறுபாடு வந்தது என்று இருந்தது. இந்த வாரன்ட் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான்கு ஆண்டு கழித்து அதுவே திரும்ப வருகிறது.

2021 அக்டோபர் 26-இல் தனி நீதிபதி கௌதம் படேல், கூட்டம் கேட்கும் நடவடிக்கைக்குத் தடை கொடுத்தார். கேட்கப்படும் தீர்மானங்கள் நிறைவேறினால் சட்டத்துக்கு முரணாக அமையும், அப்படிப்பட்ட கூட்டத்தைக் கூட்டுவதில் பொருளில்லை என்பது அவர் பார்வை. தனி இயக்குநர்களை நியமிக்க ஒரு முறை உண்டு. தொலைக்காட்சி கம்பெனி என்பதால் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் முன் அனுமதியும் வேண்டும் என்றெல்லாம் வாதம் போனது. இன்வெஸ்கோ மேல்முறையீடு செய்தது. 2022 மார்ச் 22-இல் இரு நீதிபதி அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. கடிதம் கொடுத்தவர்களிடம் தேவையான பங்கு இருக்கிறதா, நடைமுறைப்படி கொடுத்திருக்கிறார்களா என்பதை மட்டும்தான் போர்டு பார்க்கலாம். தீர்மானத்தின் உள்ளடக்கம் சரியா தவறா என்று எடைபோட்டுக் கூட்டத்தை மறுக்க போர்டுக்கு உரிமையில்லை என்றது அமர்வு.

சட்டத்தில் இன்வெஸ்கோ ஜெயித்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, மார்ச் 24-இல், அந்தக் கோரிக்கையையே வாபஸ் வாங்கியது. ஆறு மாதம் ஓடிவிட்டிருந்தது. சோனியுடன் உறுதியான ஒப்பந்தம் டிசம்பரிலேயே கையெழுத்தாகிவிட்டது. இணைப்பு நடந்தால் புதிய போர்டு வரும், தங்கள் நோக்கம் அதிலேயே நிறைவேறும் என்று இன்வெஸ்கோ சொன்னது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குகளை விற்று 2023-இல் முழுவதுமாக வெளியேறியது. 45 நாளில் நடக்க வேண்டிய கூட்டம் கடைசிவரை நடக்கவே இல்லை. 4% எப்படி 18%-ஐத் தடுத்தது என்ற உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில் இதுதான்: ஓட்டுப்பதிவில் தோற்கடிக்கவில்லை, ஓட்டுப்பதிவு நாளையே வரவிடவில்லை.

இதில் எனக்கு உள்ள ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சட்டக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1985 டிசம்பரிலேயே பதில் சொல்லிவிட்டது. லண்டன் தொழிலதிபர் ஸ்வராஜ் பால் எஸ்கார்ட்ஸ் கம்பெனிப் பங்குகளைச் சந்தையில் வாங்கிக் குவித்தபோது, அவற்றைத் தங்கள் புத்தகத்தில் பதிவு செய்ய நந்தா குடும்பத்தின் நிர்வாகம் மறுத்து நீதிமன்றம் போனது. அந்தக் கட்டத்தில் பெரும் பங்கு வைத்திருந்த எல்.ஐ.சி., எஸ்கார்ட்ஸின் ஒன்பது இயக்குநர்களை நீக்க ஈ.ஜி.எம். கேட்டது. ஏன் நீக்குகிறீர்கள், காரணம் சொல்லுங்கள் என்றார்கள். நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு, கூட்டம் கேட்கும் பங்குதாரர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இவ்வளவு தெளிவான தீர்ப்பு கையில் இருந்தும் 2021-இல் ஒரு கூட்டத்துக்காக ஆறு மாதம் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியிருந்தது. உரிமை இருக்கிறது, அதை உரிய நாளில் அனுபவிக்க வழியில்லை. கூட்டம் கூட்டும் வழக்குகளுக்கு முப்பது நாளில் முடிவு என்று ஒரு கெடு வைத்தால் இந்த விளையாட்டில் பாதி நின்றுவிடும் என்பது என் கருத்து.

காலம் கடத்துவதில் நம் ஊர் உதாரணமும் உண்டு. தூத்துக்குடியில் 1921-இல் நாடார் வங்கியாகத் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. 1990-களின் நடுவில் அதன் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் எஸ்ஸார் குழுமத்தின் கைக்குப் போனது, பிறகு தொழிலதிபர் சி. சிவசங்கரன் தரப்புக்கு. அப்போதெல்லாம் காகிதப் பங்கு. வாங்கியவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றினால்தான் ஓட்டு. பதிவு ஆகவில்லை. வங்கி என்பதால் ரிசர்வ் வங்கியின் ஒப்புதலும் குறுக்கே வந்தது. இந்தப் பக்கம் நாடார் சமுதாயத்தினர் பணம் திரட்டிப் பங்குகளைத் திரும்ப வாங்க ஒரு இயக்கமே நடத்தினார்கள். மூன்றில் இரண்டு பங்கை விலை கொடுத்து வாங்கியவர்களாலும் அந்த வங்கியின் நிர்வாகத்தைக் கைப்பற்ற முடியவில்லை. வழக்குகளும் சர்ச்சைகளும் ஆண்டுக்கணக்கில் நீண்டு, 2022-இல்தான் வங்கி பொதுப் பங்கு வெளியிட முடிந்தது. வங்கிகளுக்கு இன்னொரு தனி விதியும் இருக்கிறது. தனியார் வங்கியில் ஒருவரிடம் எவ்வளவு பங்கு இருந்தாலும் அவர் ஓட்டு 26%-க்கு மேல் கணக்கில் வராது.

சரி, ஜீக்குத் திரும்புவோம், ஏனென்றால் உங்கள் 300 பங்குக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. சோனி 2024 ஜனவரியில் இணைப்பைக் கைவிட்டது. 9 கோடி டாலர் கேட்டு மத்தியஸ்தம், பதிலுக்கு வழக்கு, ஆகஸ்டில் சமரசம். பங்கு விலை பழைய உயரத்திலிருந்து வெகுவாக இறங்கிவிட்டது. அதே ஆண்டு நவம்பர் 28-இல் வழக்கமான ஆண்டுப் பொதுக்கூட்டம். தனி இயக்குநர் அல்லாத இயக்குநர்களில் ஒரு பகுதியினர் ஒவ்வோர் ஆண்டும் சுழற்சி முறையில் ஓய்வு பெற்று மறுபடி தேர்வாக வேண்டும் என்பது 152-வது பிரிவு. அந்த ஆண்டு முறை கோயங்காவுடையது. கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு அவர் நிர்வாக இயக்குநர் பொறுப்பை விட்டுத் தலைமைச் செயல் அதிகாரியாக மட்டும் தொடர்வதாக அறிவிப்பு வந்தது. இயக்குநராக மறுநியமனம் செய்யும் தீர்மானம் மட்டும் ஓட்டுக்கு வந்தது.

பதிவான ஓட்டில் ஆதரவு சுமார் 49.5%, எதிர்ப்பு சுமார் 50.5%. தீர்மானம் தோற்றது. யாரும் ஈ.ஜி.எம். கேட்கவில்லை, யாரும் உயர் நீதிமன்றம் போகவில்லை. 18% வைத்திருந்த இன்வெஸ்கோ அப்போது பங்குதாரராகவே இல்லை. 2021-இல் அத்தனை வக்கீல்கள் சேர்ந்து செய்ய முடியாததை, ஆண்டறிக்கையோடு வரும் ஒரு நோட்டீஸின் ஒரு வரி செய்துவிட்டது. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. அந்த இடைவெளியை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நிரப்பியிருக்கக்கூடிய அளவுக்கு, ஓட்டே போடாத சிறு பங்குதாரர்கள் அந்தக் கம்பெனியில் இருந்தார்கள்.

அடுத்த ஆண்டு அந்த வாரன்ட் திரும்ப வந்தது. புரமோட்டர் குழுமத்துக்கு 2,237 கோடி ரூபாய்க்கு வாரன்ட் கொடுத்து, அவர்கள் பங்கை 3.99%-இலிருந்து 18.4%-க்கு உயர்த்தும் திட்டம். இதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதாவது எதிர்ப்பைப் போல் மூன்று மடங்கு ஆதரவு. 2025 ஜூலையில் கிடைத்த ஆதரவு 59.5%. சாதாரணத் தேர்தலில் அது நல்ல வெற்றி, இங்கே 75%-ஐ எட்டாததால் தோல்வி. எதிர்ப்பவருக்கு 25%-க்குச் சற்று மேல் இருந்தாலே போதும் என்ற இந்த விதி, சிறுபான்மைப் பங்குதாரர்களிடம் இருக்கும் பெரிய கேடயம்.

ஒற்றை ஓட்டு வரை எண்ணப்பட்ட சண்டைக்கு ஒரு அமெரிக்க உதாரணம். 2017 அக்டோபரில் பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியின் போர்டில் தனக்கு ஒரு இடம் கேட்டு முதலீட்டாளர் நெல்சன் பெல்ட்ஸ் போட்டியிட்டார். டைடு, பேம்பர்ஸ், ஜில்லெட் எல்லாம் விற்கும் அதே கம்பெனிதான். அதன் பங்கில் ஏறத்தாழ 40% தனிநபர்களிடம் இருந்தது, ஓய்வு பெற்ற ஊழியர்கள் நிறைய. அவர்கள் வீடுகளுக்கு இரண்டு தரப்பும் மாற்றி மாற்றி வாக்குச் சீட்டு அனுப்பின, கம்பெனியுடையது நீலம், பெல்ட்ஸுடையது வெள்ளை. ஒருவர் இரண்டு சீட்டிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால் கடைசித் தேதியிட்டதுதான் செல்லும். கூட்டம் முடிந்ததும் கம்பெனி தான் ஜெயித்ததாக அறிவித்தது. சுமார் 200 கோடி ஓட்டுகளைத் தனி ஆய்வாளர்கள் எண்ணியபோது, நவம்பரில் பெல்ட்ஸ் 42,780 ஓட்டு முன்னால். இரு தரப்பு வக்கீல்களும் சீட்டுச் சீட்டாக ஆட்சேபம் சொல்லி மறுபடி பார்த்ததில், டிசம்பரில் கம்பெனி 4,98,312 ஓட்டு முன்னால். இவ்வளவு நெருக்கமான முடிவை வைத்துக்கொண்டு அவரை வெளியே நிறுத்த முடியாது என்று போர்டுக்கே தெரிந்துவிட்டது. அவரை உள்ளே அழைத்து இடம் கொடுத்தார்கள். 42,780 ஓட்டு என்பது உங்களைப் போல 300 பங்குக்காரர்கள் 143 பேர்.

கிட்டத்தட்டப் பங்கே இல்லாமல் ஜெயித்த கதை அமெரிக்க எண்ணெய் கம்பெனி எக்ஸான் மொபிலில் நடந்தது. எஞ்சின் நம்பர் ஒன் என்ற சின்ன ஃபண்டு கையில் இருந்தது 0.02%. காலநிலை மாற்றம், மோசமான மூலதனச் செலவு என்ற இரண்டு வாதங்களை வைத்து, 2021 மே 26 கூட்டத்தில் 12 இடங்களில் மூன்றைப் பிடித்தது. கூட்டத்தின் நடுவில் கம்பெனி ஒரு மணி நேரம் இடைவேளை விட்டு, ஓட்டுப்பதிவைத் திறந்தே வைத்திருந்தது. அப்படியும் நிற்கவில்லை. பிளாக்ராக், வான்கார்டு, ஸ்டேட் ஸ்ட்ரீட் ஆகிய மூன்று பெரிய ஃபண்டு நிறுவனங்களும் எதிரணி வேட்பாளர்களில் சிலருக்கு ஓட்டுப் போட்டதுதான் காரணம். இங்கே 0.02% செய்த வேலை, மற்றவர்கள் ஓட்டுப் போட ஒரு நல்ல காரணத்தை எடுத்துக் கொடுத்தது.

ஓட்டு எண்ணிக்கை எதையும் மாற்றாத கம்பெனிகளும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். டாடா குழுமத்தின் தாய் கம்பெனியான டாடா சன்ஸில் ஷாபூர்ஜி பல்லோன்ஜி குழுமத்திடம் 18.37% இருந்தது. 2016-இல் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட, அந்தக் குழுமக் குடும்பத்தைச் சேர்ந்த சைரஸ் மிஸ்திரியை 2017 பிப்ரவரியில் போர்டிலிருந்தும் எடுத்தார்கள். டாடா அறக்கட்டளைகளிடம் மூன்றில் இரண்டு பங்கு இருந்ததால் ஓட்டெடுப்பின் முடிவு முன்பே தெரிந்ததுதான். பங்குக்கு ஏற்ற விகிதத்தில் போர்டில் இடம் கேட்கும் உரிமை சிறுபான்மைப் பங்குதாரருக்குத் தானாக வந்துவிடாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சென்னை முருகப்பா குடும்பத்தில் வள்ளி அருணாசலம் தரப்பு சுமார் 8% பங்கோடு அந்தக் குழுமத்தின் தாய் கம்பெனியான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸ் போர்டில் இடம் கேட்டு 2020-இல் ஓட்டில் தோற்றதும் இதே கணக்கால்தான். அந்தப் பிணக்கு 2023-இல் குடும்பச் சமரசத்தில் முடிந்தது. விகிதாசார முறையில் இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்க 163-வது பிரிவு வழி வைத்திருக்கிறது. ஆனால் கம்பெனியின் சங்க விதிகள், அதாவது அதன் உள் நிர்வாக விதிகள், அனுமதித்தால்தான் அது நடக்கும். அதை அனுமதிக்கும் கம்பெனியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஜெயிப்பது எப்படி என்பதைப் பற்றி. ஜெயித்து என்ன கிடைக்கும் என்று கேட்டால் கரூருக்குப் போக வேண்டும். 1926-இல் கரூர் வியாபாரிகள் ஏழு பேர் சேர்ந்து தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி. பெரிய கடன்கள் வாராக் கடனாகி, ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பு வளையத்துக்குள் போய், இந்தியாபுல்ஸுடன் இணையும் திட்டமும் 2019-இல் நிராகரிக்கப்பட்டு, மூலதனம் தீர்ந்துகொண்டிருந்த நேரம். 2020 செப்டம்பர் 25-இல் ஆண்டுப் பொதுக்கூட்டம். நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களின் நியமனத்தைப் பங்குதாரர்கள் ஒரே நாளில் நிராகரித்தார்கள். இந்திய வங்கி வரலாற்றில் பங்குதாரர்களின் கோபம் இப்படி வெடித்தது அபூர்வம். இரண்டு நாளில் ரிசர்வ் வங்கி மூன்று இயக்குநர்கள் கொண்ட குழுவிடம் நிர்வாகத்தைக் கொடுத்தது. நவம்பர் 17-இல் பணம் எடுக்க 25,000 ரூபாய் உச்சவரம்பு. நவம்பர் 27-இல் சிங்கப்பூர் டி.பி.எஸ். வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைப்பு. டெபாசிட்தாரர்களின் பணம் முழுமையாகக் காப்பாற்றப்பட்டது. பங்கு மூலதனம் முழுவதும் பூஜ்யமாக எழுதப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அந்தப் பங்கை வைத்திருந்த கரூர், நாமக்கல் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை.

ஓட்டுப் போட்டதால் வங்கி விழுந்தது என்று நான் சொல்லவில்லை, அதன் நோய் பல ஆண்டுப் பழையது. மூன்று நான்கு ஆண்டு முன்பு, வங்கியில் இன்னும் மூலதனம் இருந்தபோது, இதே கோபம் வந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு நஷ்டம் ஏறும்போது மறுநியமனத் தீர்மானங்கள் சத்தமில்லாமல் நிறைவேறிக்கொண்டிருந்தால், கடைசியில் வரும் எதிர்ப்பு யாரையும் காப்பாற்றாது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது, பெரிய சண்டைக்குக் காத்திருக்க வேண்டாம் என்பதுதான். பங்கு வைத்திருக்கும் கம்பெனியிலிருந்து பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பருக்குள் ஒரு ஏ.ஜி.எம்., அதாவது ஆண்டுப் பொதுக்கூட்ட, நோட்டீஸ் மெயிலில் வரும். இயக்குநர் மறுநியமனம் என்று இருக்கும் தீர்மானத்துக்குப் பின்னால், அவரைப் பற்றிய விளக்கக் குறிப்பு இருக்கும். எத்தனை போர்டு கூட்டத்துக்கு வந்தார், வேறு எத்தனை கம்பெனிகளில் இயக்குநர், சம்பளம் எவ்வளவு, புரமோட்டருக்கு உறவா என்ற நான்கு விவரத்தை மட்டும் பாருங்கள். ஆடிட்டர் அறிக்கையில் ஏதாவது ஆட்சேபம் இருக்கிறதா, புரமோட்டரின் சொந்த கம்பெனிகளோடு எவ்வளவு கொடுக்கல் வாங்கல் என்பதையும் ஒரு பார்வை பாருங்கள். அரை மணி நேர வேலை. 2024 ஏப்ரல் முதல், நிரந்தர நாற்காலி போட்டுக்கொண்ட இயக்குநர்கூட ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது பங்குதாரர் ஒப்புதலுக்கு வந்தாக வேண்டும் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி விதி வைத்துவிட்டது. ஆக, எல்லாருடைய பெயரும் ஒரு நாள் உங்கள் முன் வரும்.

ஓட்டுப் போட கூட்டத்துக்குப் போகத் தேவையில்லை. பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். நிறுவனத்தின் தளத்தில் உங்கள் டீமேட் கணக்கு மூலம் உள்ளே போனால் இ-வோட்டிங் இருக்கும். குறைந்தது மூன்று நாள் திறந்திருக்கும், கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு மூடிவிடும். கம்பெனி குறிக்கும் கட்-ஆஃப் தேதியன்று உங்கள் கணக்கில் எவ்வளவு பங்கு இருந்ததோ அவ்வளவுக்கு ஓட்டு. ஒரு முறை போட்டால் மாற்ற முடியாது. மியூச்சுவல் ஃபண்டு மூலம் முதலீடு செய்திருந்தால், உங்களுக்குப் பதில் ஃபண்டு நிறுவனம் ஓட்டுப் போடுகிறது. 2022 ஏப்ரல் முதல் எல்லாத் தீர்மானங்களிலும் அவை ஓட்டுப் போட்டே ஆக வேண்டும். எதற்கு ஆதரவு, எதற்கு எதிர்ப்பு, ஏன் என்ற பட்டியலை அவற்றின் இணையதளத்தில் பார்க்கலாம்.

கூட்டம் முடிந்து இரண்டு வேலை நாளுக்குள் முடிவு பங்குச் சந்தைத் தளங்களில் ஏறிவிடும். அதில் புரமோட்டர், நிறுவன முதலீட்டாளர், மற்ற பொதுமக்கள் என்று மூன்று வரிசை இருக்கும். பெரும்பாலான கம்பெனிகளில் நிறுவனங்களின் வரிசையில் பதிவு விகிதம் நிறைந்திருக்கும், மூன்றாவது வரிசை காலியாகக் கிடக்கும். உங்கள் 300 பங்கு அந்த மூன்றாவது வரிசையில் இருக்கிறது.